பரா அண்ணை அறுத்துத் தைத்த காளை

பரா அண்ணை இறந்த செய்தி ஒரு சனிக்கிழமை காலை, நான் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. ஸ்பிரிங்வேலில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில் தொலைபேசி வாசலோடு இருக்கிறது. ஓடிவந்து எடுத்தேன். சிட்னியிலிருந்து அவருடைய மைத்துனர். பிளாக்டவுன் வீட்டில், வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் கதிரையோடு சரிந்துவிட்டாராம். "அத்தான் மோசம் போயிட்டார், தம்பி. மெல்பேணில உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்" என்றார். ஈரச் சேட்டு ஒன்று இன்னும் என் கையில் இருந்தது.

அந்தக் கிழமையே நமது தமிழ்ச் சங்கத்தின் அறிவித்தல் தபாலில் வந்தது. தேவாலய மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம். அவருடைய பெயருக்கு முன்னால் 'மிருக வைத்திய கலாநிதி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது இந்த நாட்டில் அந்தத் தொழிலை அவர் தன்னுடையது என்று சொல்ல முடியாமல் போனது. ஏன் முடியாமல் போனது என்பது அறிவித்தலை அடித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். கூட்டத்தில் பேசுவோர் பட்டியலில் என் பெயர் இல்லை. இந்த இதழை நடத்தும் நண்பர், எழுதித் தந்தால் ஒரு வரியும் வெட்டாமல் போடுவதாகச் சொன்னார். ஆகவே எழுதுகிறேன்.

அவரை நேரில் அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். பரராஜசிங்கம் பேராதனையில் மிருக வைத்தியம் படித்தவர். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அரசாங்க மிருக வைத்தியராக இருந்தவர். மனைவியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு, ஒரு வருடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி இங்கே வந்தார். வந்த பிறகுதான் அவருடைய பட்டம் இங்கே செல்லாது, புதிதாகப் பரீட்சை எழுத வேண்டும், அதற்கு இங்குள்ள வைத்தியர் ஒருவர் இவரைப் பார்த்துச் சான்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. மெல்பேணுக்கு வடக்கே, கிரெய்கிபர்னுக்கு அப்பால் மாடு வளர்க்கும் பண்ணை ஒன்றில் கூலியாளாகச் சேர்ந்தார். பண்ணைக்கு வந்துபோகும் வைத்தியர் இவருடைய வேலையைப் பார்த்துவிட்டு, அடுத்த கன்று ஈனும் காலம் முடிந்ததும் கையெழுத்து வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். பரா அண்ணை அந்தக் கையெழுத்துக்காகத்தான் சாணி அள்ளினார்.

அது சரோலே மாட்டுப் பண்ணை. சரோலே என்பது பிரெஞ்சு நாட்டு இறைச்சி மாடு. காளையின் உறையவைத்த விந்தணுவைக் கொண்டுவந்து இங்குள்ள பசுக்களில் ஏற்றித் தலைமுறை தலைமுறையாக அந்த இனத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பண்ணையின் பெருமை ஒரு காளை. பாலாடை நிறம். கழுத்து எங்கே முடிந்து முதுகு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பின்தொடைகள் இரண்டும் தனித்தனி மிருகங்கள் போல அசையும். தோலுக்குள் இடம் போதாமல் தசை பிதுங்கிக்கொண்டு நிற்கும். முதலாளி கீத் அதற்கு டியூக் என்று பெயர் வைத்திருந்தார். பரா அண்ணை வெள்ளையன் என்று கூப்பிடுவார். இரண்டுக்கும் அது திரும்பிப் பார்க்கும்.

கார்த் தொழிற்சாலையில் கிழமை முழுதும் கார்களுக்குக் கதவு பொருத்தும் எனக்கு ஞாயிற்றுக்கிழமையில் திறந்த வெளி வேண்டியிருந்தது. ரயில் ஏறி அங்கே போய்விடுவேன். அப்படிப் போன ஒரு நாளில் ஒரு கிடாரி ஈன முடியாமல் கிடந்தது. சின்னஞ்சிறிய கறுப்புக் கிடாரி. வயிற்றுக்குள் வெள்ளையனின் கன்று. கன்றின் முன்னங்கால்கள் இரண்டும் வெளியே வந்துவிட்டன, தோள் வரவில்லை. வைத்தியர் வந்து வயிற்றை அறுத்துத்தான் எடுத்தார். பரா அண்ணை பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுத்தார், கத்தியைத் தொடவில்லை. கன்று பிழைத்தது. கிடாரி அன்று பின்னேரமே செத்தது. கீத் கன்றின் தொடையைத் தட்டிப் பார்த்து, "இதுதான் வேண்டும்" என்றார். பரா அண்ணை கையைக் கழுவிக்கொண்டு, சின்னக் கிடாரிகளோடு இந்தக் காளையைச் சேர்க்காதீர்கள், ஒரு ஈத்து ஈன்ற பெரிய பசுக்களோடு மட்டும் விடுங்கள் என்று ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார். ஒரு கூலியாள் முதலாளிக்குச் சொல்லக்கூடிய பேச்சல்ல. கீத் அவரை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த பருவத்தில் அப்படியே செய்தார்.

அது இறைச்சி விலை விழுந்து கிடந்த காலம் என்பதையும் சொல்ல வேண்டும். லொறிக் கூலிக்குக்கூடக் கட்டாது என்று அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் மாடுகளை வெளியில் நிறுத்திச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். மனிதன் தின்பதற்காகவே தசை ஏற்றி ஏற்றிப் படைத்த ஒரு மிருகத்தை, தின்ன ஆளில்லை என்று சுட்டுப் புதைக்கும் ஏற்பாட்டுக்குச் சந்தை என்று பெயர். நான் இதை ஆத்திரமாகப் பேசினால் பரா அண்ணை கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில், "நீ முதலாளித்துவத்தை ஒழி, தம்பி. அதுக்கிடையில அந்த வாளியை இஞ்சால தா" என்பார்.

இனி நம்மவர்களைப் பற்றி. பரா அண்ணை மரக்கறி மட்டும் சாப்பிடுபவர். ஆனால் மாட்டிறைச்சிப் பண்ணையில் வேலை செய்கிறார் என்பதால், பண்ணையில் அவர் இருந்த குடிலுக்குப் போனால் தேநீர் குடிக்காமல் எழும்பி வந்தவர்கள் உண்டு. சங்கக் கூட்டத்தில் அவர் வந்தால், "இறைச்சிக்கடை டொக்டர் வாறார்" என்று ஒருவர் மெல்லச் சொல்ல மற்றவர் சிரிப்பார். அந்த வீடுகளின் பிள்ளைகள் பாடசாலையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், பெற்றோருக்கும் தெரியும். அவருக்கு இந்தக் கேலி கேட்காமல் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டுக் கடைசி வரிசையில் இருப்பார்.

பிறகு ஒரு தை மாதம் சங்கத்துக்கு மாடு தேவைப்பட்டது. பிள்ளைகளுக்கு மாட்டுப்பொங்கல் காட்ட வேண்டும் என்று தலைவர் மகேசன் அவர்களுக்கு யோசனை வந்தது. மெல்பேணில் தமிழர் கையில் இருந்த ஒரே மாடு பரா அண்ணை பார்த்துக்கொண்டிருந்த மாடுதான். அதுவும் வெள்ளைக் காளை. நந்தி மாதிரியே இருக்குமாம் என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டார்கள். பரா அண்ணை முதலாளியிடம் கேட்டார். கடற்கரை வீட்டுக்கு விடுமுறைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கீத், வேடிக்கையாக இருக்கிறதே என்று சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: காளைக்கு வெளியார் எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது. இதைப் பரா அண்ணை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொலைபேசியில் சொன்னார்.

மாட்டுப்பொங்கல் வேலைநாளில் வந்ததால் அடுத்த ஞாயிறு என்று வைத்தார்கள். இங்கே தை மாதம் நடுக்கோடை. அன்று வடக்குக் காற்று அடுப்பு வாய்போல் வீசியது. வெளியில் நெருப்பு மூட்டத் தடை. ஆகவே பொங்கல் பானை பரா அண்ணையின் குசினியில் மின்னடுப்பில் ஏறியது. பத்துப் பன்னிரண்டு கார்கள் வந்து வேலியோரம் நின்றன. காளையைக் கழுவித் துடைத்து இரும்புத் தடுப்புக்குள் நிறுத்தியிருந்தார். சின்னப் பிள்ளை ஒன்று, "அப்பா, இஸ் இட் ரியல்?" என்று கேட்டது. "இது மாடோ, லொறியோ?" என்றார் ஒருவர். "பின்பக்கத்தைப் பாருங்கோ, ரெண்டு மூட்டை நெல்லைக் கட்டித் தூக்கினமாதிரி" என்றார் இன்னொருவர். திருமதி மகேசன் கும்பிட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் கேலி செய்யவில்லை. ஊரைவிட்டு வந்த பிறகு அவர் இப்படி எதையும் கும்பிட்டிருக்க மாட்டார்.

பரா அண்ணை தான் கட்டிய செவ்வந்தி மாலையைக் காளையின் கழுத்தில், வாய்க்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு, பொங்கலை இறக்கக் குசினிக்குப் போனார். நானும் பானை தூக்க அவரோடு போனேன். அந்த இடைவெளியில்தான் அது நடந்தது. திருமதி மகேசன் வீட்டு வளவில் செவ்வலரி நிற்கிறது. ஊரில் கோயிலுக்குக் கட்டுவது அதுதானே என்று, இலையும் பூவும் வைத்து நெருக்கமாக ஒரு பெரிய மாலை கட்டி, வாடாமல் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்திருந்தார். படம் எடுக்க இது எடுப்பாக இருக்கும் என்று மகேசன் அதை வாங்கிக் காளையின் கொம்பில்லாத தலையில் போட்டார். மாலை முகத்தின் மேல் வழிந்து தொங்கியது.

ஊரில் அலரி வேலிக்குப் பக்கத்தில் மாடு கட்டியிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாடு அதைத் தொடாது. அந்த நம்பிக்கையில்தான் யாரும் யோசிக்கவில்லை. பரா அண்ணை பிறகு எனக்குச் சொன்னார்: "ஊர் மாடு அலரியை மோந்தும் பாக்காது. இவன் பிறந்த நாள் துவங்கி மனுசர் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்ததைத் தின்னப் பழக்கப்பட்டவன். சதை வைக்கோணும் எண்டு அப்பிடிப் பழக்கினது."

நாங்கள் பானையோடு வந்தபோது காளையின் வாயில் அலரிப் பூ தெரிந்தது. மாலையில் பாதியைக் காணவில்லை. பரா அண்ணை பானையைப் புல்லில் போட்டுவிட்டு ஓடினார். தடுப்புக்குள் கையை விட்டுத் தாடையைப் பிரித்து இழுத்தார். வந்தது கொஞ்சம். ஒருவரையும் ஏசவில்லை. எல்லோரும் காரில் ஏறிப் போய்விடுங்கள், சத்தம் கூடாது, காளை பதறக் கூடாது என்று மட்டும் சொன்னார். போய்விட்டார்கள். அவ்வளவு விரைவாக நம் சங்கம் எந்தக் கூட்டத்தையும் முடித்ததில்லை.

பண்ணை வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார், ஆள் இல்லை. இன்னொரு வைத்தியர் எங்கோ தூரத்தில் பந்தயக் குதிரை ஒன்றோடு நின்றார், வர இருட்டிவிடும் என்றார்கள். அலரி இதயத்தைப் பிடிக்கும் நஞ்சு. வயிற்றிலிருந்து இரத்தத்துக்குப் போய்விட்டால் மருந்து கிடையாது. போகமுன் வயிற்றைத் திறந்து தின்றதை அள்ளி எடுக்க வேண்டும். வைத்தியரின் பெட்டி, கன்று அறுத்து எடுப்பதற்கு என்று வைத்தது, கொட்டிலில் இருந்தது. ஆனால் பதிவில்லாதவர் கத்தி எடுப்பது இங்கே குற்றம். பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"வெட்டினா என்ர அலுவல் முடிஞ்சுது. வெட்டாட்டி இவன்ர அலுவல் முடிஞ்சுது" என்றார்.

"விடுங்கோ அண்ணை. உங்கட மாடே? செத்தாச் சாகட்டும். தின்னத்தானே வளர்க்கிறாங்கள்" என்றேன்.

"சேட்டைக் கழட்டிப்போட்டுக் கையை நல்லாக் கழுவு" என்றார்.

இடப்பக்கம் மயிர் வழித்து, அந்த இடம் மரத்துப்போக ஊசி போட்டு, காளையை நின்ற நிலையிலேயே அறுத்தார். அந்த இனத்தின் பெருமை எல்லாம் அங்கே எங்களுக்கு எதிராக நின்றது. தசை, அதன் கீழ் இன்னொரு தசை. வழமையான மாட்டுக்கு எடுக்கும் நேரத்தைவிடக் கூட எடுத்தது. இரைப்பையைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் நான் ஓங்காளித்தேன். வாளி வாளியாக அள்ளினோம். நான் மகேசனைப் பற்றி வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பொழுது சாயமுன் கரித்தூள் கரைத்து உள்ளே ஊற்றித் தைத்து முடித்துவிட்டார். காளை நடுங்கியது, நாடி தடுமாறியது, ஆனால் விழவில்லை. மறுநாள் கொஞ்சம் வைக்கோல் தின்றது.

கீத் திரும்பி வந்து தையலைப் பார்த்தார். சுத்தமான வேலை என்று அவரே சொன்னாராம். பிறகு கேட்டார்: எங்கள் வளவில் அலரியே கிடையாது, எங்கிருந்து வந்தது? பரா அண்ணை, "நான் போட்ட மாலை" என்றார். அந்த ஒரு வசனத்தோடு எல்லாம் கவிழ்ந்தது. பண்ணை வைத்தியர் நேர்மையான மனிதர்தான். அவசரத்தில் அறுத்தார், உயிரைக் காப்பாற்றினார் என்றால் அதிகாரிகளிடம் நான் வாதாடலாம், ஆனால் அலரி நஞ்சு என்று தெரிந்தும் மாட்டுக்குப் போட்டவரை, அல்லது தெரியாதவரை, வைத்தியர் என்று நான் எப்படிச் சான்று சொல்வது என்றார். கையெழுத்து இல்லை என்றாயிற்று.

நான் அவருக்குத் தெரியாமல் அந்த வைத்தியரைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. நீ அவருடைய சிநேகிதன், வேறு என்ன சொல்வாய் என்றார். மாலையைக் கொண்டுவந்தவர்கள் வந்து என்னிடம் சொல்லட்டும், மறுநாளே நான் அவருக்காக எழுதுகிறேன் என்றார்.

அன்று பின்னேரமே மகேசன் வீட்டுக்குப் போனேன். கதிரை தந்தார், தேநீர் தந்தார். விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நாங்கள் இப்பதான் இந்த நாட்டில நிமிர்ந்து நிக்கிறம். நாளைக்கு ஒரு பேப்பர்க்காரன் 'கறுப்பர் காளைக்கு நஞ்சு வைச்சவை' எண்டு எழுதினா ஆருக்கு நட்டம்? முழுச் சனத்துக்கும். பரா ஒரு தனி ஆள். படிச்ச மனுசன். வேற வேலை தேடுவார்தானே."

"அவர் வேலை தேடி வரேல்லை. அவருக்கு ஒரு தொழில் இருக்கு" என்றேன்.

குசினி வாசலில் திருமதி மகேசன் நின்றார். "நான் வந்து சொல்லுறன். மாலை கட்டினது நான்" என்றார்.

"நீ உள்ள போ" என்றார் மகேசன். அவர் போகவில்லை, நின்றார். ஆனால் வரவும் இல்லை.

பரா அண்ணை சிட்னிக்குப் புறப்பட்ட நாள் ஸ்ரேசனுக்கு வழியனுப்பப் போனவன் நான் ஒருவன்தான். பிளாக்டவுனில் இருந்த மைத்துனர் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பிடித்துக் கொடுத்திருந்தார். மிருகங்களைப் பிழைக்கவைக்கப் படித்த மனிதர், கொழுக்கியில் தொங்கி வரும் பாதி மாடுகளை நாள் முழுவதும் தள்ளிவிடப் போனார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். எனக்கு அன்று அழுகையைவிடக் கோபம்தான் இருந்தது. "கேற்றைத் திறந்து விட்டது நான். உள்ள வந்த சனம் என்ர சனம். அவையைக் காட்டிக் குடுத்திட்டு நான் ஆருக்கு டொக்டரா இருக்கிறது?" என்றார். அந்தச் சனத்தில் ஒருவர்கூட அந்த ஸ்ரேசன் மேடையில் நிற்கவில்லை என்பதை அவருக்கு நான் சொல்லவில்லை. அவருக்கும் கண் இருந்தது.

அடுத்த கடிதத்திலும் அதற்கு அடுத்ததிலும் பரீட்சையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மனைவியையும் மகளையும் கூப்பிடும் கதையும் நின்றுபோனது. எனக்கு ஆறாதது இதுதான். ஒரு மனிதரின் பிழைப்பை எல்லோரும் சேர்ந்து தின்றோம், பிறகு ஒன்றும் தெரியாதவர்கள் போல வாய் துடைத்துக்கொண்டோம்.

தகனத்துக்குச் சிட்னி போயிருந்தேன். முடிந்து வெளியில் நின்றபோது மைத்துனர் என்னைத் தனியே கூப்பிட்டார். "குறை நினையாதேங்கோ. அத்தான் அங்க மாட்டுக்கு நஞ்சைக் குடுத்து வேலை போனது எண்டு ஒரு கதை. ஊரில இருக்கிற அக்காவும் அதைத்தான் நம்பியிருக்கிறா. உண்மையோ?" என்று கேட்டார். யார் கட்டிய மாலை, யார் போட்டது, யார் அறுத்தது என்று முழுவதையும் சொன்னேன். அப்படியென்றால் மனுசன் ஏன் எங்களுக்குக்கூடச் சொல்லவில்லை என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்க முன் ஒருவரிடம் மட்டும் காட்டினேன். திருமதி மகேசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்ற நிலையிலேயே வாசித்தார். தன் பெயரை எடுத்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன். "என்ர பேர் இருக்கட்டும். பராவின்ர மனுசியின்ர விலாசத்தைத் தாரும், நான் கடிதம் எழுதோணும்" என்றார். கொடுத்தேன். காலம் பிந்திய கடிதம். ஆனாலும் ஊரில் ஒரு மகள் அதை வாசிப்பாள்.

பரா அண்ணையின் மௌனத்தை நான் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அது பெருந்தன்மை என்று கூட்டத்தில் பேசுவார்கள். பேசுகிறவர்களுக்கு அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அன்று பின்னேரத்தில் ஒரு சிறு நேரம். வாளிகள் நிரம்பிய பிறகு, இன்னும் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க அவர் தோள்வரை கையை உள்ளே விட்டு, கன்னத்தைக் காளையின் விலாவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். விரல் நுனியால் தேடினார். காளையின் மூச்சோடு அவருடைய தலையும் ஏறி இறங்கியது. பிறகு கையை மெல்ல இழுத்து, விரலிடுக்கில் வந்த ஒற்றை அலரி இலையை என் முகத்துக்கு நேரே பிடித்தார். சிரித்தார். அதற்கு முன்னும் பின்னும் இந்த நாட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.